தரையில் ஒரு சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது. ரேடியேட்டரா, ஹெட் கேஸ்கெட்டா?

நீலக்கார் எழுதியது:

வணக்கம். என்னுடையது 11 வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மூன்று வாரமாக, இன்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. ரிசர்வ் டேங்கில் மேல் கோடு வரை ஊற்றி வைத்தால், நான்காம் நாள் காலை பார்க்கும்போது கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கிறது. ஊற்றிய அளவை எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் 400 மில்லி, அடுத்த வாரம் 650, போன வாரம் கிட்டத்தட்ட 900.

வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. இரண்டு இரவு அடியில் பெரிய அட்டையை விரித்துப் பார்த்தேன். காலையில் அட்டை காய்ந்தபடியே கிடந்தது. ஆனால் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் பானெட் பக்கம் இனிப்பான ஒரு வாசனை வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ரேடியேட்டரின் இடது ஓரத்தில், கறுப்பு பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில், வெளிறிய பச்சை நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. வெப்பநிலை முள் எப்போதும் போல நடுவில்தான் நிற்கிறது.

பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் தூக்கி அரை நிமிடம் பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் போயிருக்கும், இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கும்" என்றார்கள். ஒன்று கூலன்டை ஆற்றும் பெட்டி, மற்றது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் அடைத்து நிற்கும் தகடு. இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லையே! எதையும் சோதிக்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஸ்டாப் லீக் பாட்டில் ஒன்று கொடுத்திருக்கிறார். "ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டு, தானாக அடைபட்டுவிடும்" என்கிறார். பாட்டில் இன்னும் பிரிக்காமல் மேசை மேல் இருக்கிறது.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர். திரும்பி வரும்போது அம்மாவுக்குத் தலையைத் தூக்கவே தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் வழியில் வண்டி நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே பதறுகிறது.

அந்தப் பாட்டிலை ஊற்றலாமா? ரேடியேட்டரா ஹெட் கேஸ்கெட்டா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? அதுவரை வண்டியை எடுக்கலாமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

சகோதரி, அளவை எழுதி வைத்தீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. 400, 650, 900 என்று ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் வெடிப்போ இடைவெளியோ பெரிதாகிக்கொண்டு வருகிறது. இது தள்ளிப்போடும் விஷயம் இல்லை. ஆனால் பயந்துபோய் எதையாவது ஊற்றும் விஷயமும் இல்லை. பாட்டில் மேசை மேலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். எனக்கு 19 வயதில் அப்படித் திறந்ததன் தழும்பு இடது முன்கையில் இன்னும் இருக்கிறது. மூடியைத் திருகிய அந்த நொடியில் உள்ளே இருந்த மொத்தமும் ஆவியாகச் சீறிக்கொண்டு வந்தது. வண்டி நின்று இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். ரேடியேட்டரின் மேல்பக்கம் வரும் ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, அழுத்திப் பாருங்கள். கைக்குச் சூடு தெரியாமல், மெத்தென்று அமுங்கினால் மட்டும் திறங்கள்.

இப்போது அட்டை ஏன் காய்ந்திருந்தது என்பதற்கு வருகிறேன். உங்கள் ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை உள்ளே அடைத்து வைக்கும் என்பதுதான் அது. இன்ஜின் சூடானதும் கூலன்ட் விரிந்து அந்த அழுத்தம் ஏறுகிறது. முடி அளவு இடைவெளி போதும், அதன் வழியாகக் கூலன்ட் கசிந்துவிடும். ஆனால் கசிந்து விழும் இடமே 90 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அங்கேயே ஆவியாகிவிடும். கூலன்டில் கலந்திருக்கும் உப்பும் சாயமும் மட்டும் பொருக்காகத் தங்கிவிடும். நிறுத்திய பிறகு இன்ஜின் ஆறும், அழுத்தம் இறங்கும், கசிவும் நின்றுவிடும். நீங்கள் அட்டை விரித்த நேரத்தில் அங்கே ஒழுகவே இல்லை. ஓடும்போதுதான் ஒழுகுகிறது. இனிப்பு வாசனை கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுடையது. இதற்கு நேர்மாறாக, சூட்டில் விரிந்து அடைத்துக்கொண்டு, ஆறியதும் சுருங்கிச் சொட்டுகிற ரேடியேட்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த விளிம்பு இந்தக் கால ரேடியேட்டர்களின் பலவீனமான இடம். நான் வேலை பழகிய காலத்தில் ரேடியேட்டர் முழுக்கச் செம்பும் பித்தளையும்தான். எங்கே ஒழுகினாலும் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவோம். இப்போது நடுவில் சன்னமான குழாய்கள் அடுக்கிய அலுமினியக் கோர், இரண்டு ஓரத்திலும் நைலான் தொட்டி, இடையில் ஒரு ரப்பர் கேஸ்கெட். அலுமினியத்தின் ஓரப் பற்களை மடக்கி, தொட்டியை இறுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் நைலான் ஒரு அளவு விரியும், அலுமினியம் வேறு அளவு விரியும். 11 வருடம் இந்த இழுபறியைத் தாங்கிய ரப்பர் இறுகிப்போகும், நைலான் மொறுமொறுத்துவிடும்.

இருந்தாலும் பொருக்கை மட்டும் பார்த்து ரேடியேட்டர்தான் என்று சொல்ல மாட்டேன். மேல் ஹோஸின் வாயில் கசிவது வழிந்து வந்து அந்த விளிம்பில் காய்ந்தும் இருக்கலாம். மின்விசிறி காற்று துளியை எங்கிருந்தோ கொண்டுவந்தும் போட்டிருக்கலாம். அழுத்தச் சோதனை செய்து கண்ணால் பார்க்க வேண்டும்.

அது எளிய சோதனை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், கூலன்ட் நிறைந்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு அந்த வாயில் கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த கருவியை மாட்டுவார்கள். மூடியில் என்ன எண் இருக்கிறதோ அதுவரைதான் அடிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. பிறகு ஒரு டார்ச்சோடு 15 நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியிருப்பதால் ஆவியாகிற வேலை இல்லை, ஒழுகும் இடம் ஈரமாகத் தெரிந்துவிடும். விளிம்பை மட்டும் பார்க்காதீர்கள். ஹோஸ் கிளாம்ப்கள், அடியில் உள்ள வடிகால் திருகு, வாட்டர் பம்பின் அடிப்பக்கம் இருக்கும் சிறு துளை, எல்லாவற்றையும் பாருங்கள். அந்தத் துளையில் ஈரம் வந்தால் பம்பின் உள் சீல் போய்விட்டது என்று பொருள்.

அழுத்தமானியின் முள் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உள்ளே போகிறது. காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரில் ஒழுகினால் முன் இருக்கையின் கால் விரிப்பு நனைந்திருக்கும், கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய் பூசியது போல மங்கும். ஹெட் கேஸ்கெட் என்றால், அழுத்தம் நிற்கும்போதே ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஏதாவது ஒரு சிலிண்டரில் ஈரம் தெரியலாம். இன்னும் உறுதியாகத் தெரிய நீலத் திரவச் சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட் கேஸ்கெட் என்று யார் சொன்னாலும், இந்தச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

முள் அசையவே இல்லை என்றால் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடிக்குள் அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடும் வால்வு ஒன்று, ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து திரும்ப இழுக்கும் வால்வு ஒன்று. ரப்பர் தளர்ந்த மூடி சீக்கிரமே திறந்துகொண்டு கூலன்டை வெளியே தள்ளும். அதே பம்பில் மூடியையும் மாட்டிச் சோதிக்கலாம். ரேடியேட்டரே மாற்றிய பிறகு மூடிதான் குற்றவாளி என்று தெரிந்த வண்டிகள் உண்டு.

வண்டியை எடுக்கலாமா என்றால், அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பேன். இந்த வாரம் வேறு ஏற்பாடு கிடைத்தால் செய்துவிடுங்கள். முடியாவிட்டால், தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து உள்மட்டத்தைப் பாருங்கள், ரிசர்வ் டேங்கை மட்டும் நம்பாதீர்கள். வெப்பநிலை முள் நடுவில் இருப்பதையும் முழுதாக நம்பாதீர்கள். கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் பேசாமல் நிற்கும், சிலசமயம் கீழேகூட இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டரைப் போட்டு, சூடாக வர வேண்டிய காற்று திடீரென்று குளிர்ச்சியாக வந்தால் உள்ளே கூலன்ட் இல்லை என்று அர்த்தம்.

முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். வீடு பக்கத்தில்தானே, ஐந்து நிமிடம்தானே என்று ஓட்டாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது, சூடான உலோகம் விரிசல் விட்டுவிடும்.

சிவப்பு வேன் எழுதியது:

அந்தப் பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஊற்றியவன். ஒழுகல் உண்மையாகவே நின்றது. இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் ஹீட்டரில் சூடு வருவது நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் ஹீட்டர் கோரின் சன்னமான குழாய்களில் பழுப்பு நிறத்தில் சேறு போல அடைத்திருந்தது. மூன்று முறை அலசியும் முழுதாகப் போகவில்லை. ரேடியேட்டரும் மாற்ற வேண்டி வந்தது, ஹீட்டர் கோரும் மாற்ற வேண்டி வந்தது. ஹீட்டர் கோருக்காக டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினார்கள். ஒழுகிய ஓட்டை எது, ஒழுகாத குழாய் எது என்று அந்தத் திரவத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இரவுப் பயணி எழுதியது:

எனக்கு ஸ்டாப் லீக் மேல் அவ்வளவு கோபம் இல்லை. கல் தெறித்து ரேடியேட்டர் கோரில் துளை விழுந்து, நள்ளிரவில் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் நின்றிருக்கிறேன். வண்டியில் இருந்த ஸ்டாப் லீக்தான் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுநாளே ரேடியேட்டரை மாற்றி, உள்ளே முழுக்க அலசிவிட்டேன். டிக்கியில் இருக்க வேண்டிய பொருள்தான் அது, ஆனால் வைத்தியமாக நினைக்கக் கூடாது.

பிளாஸ்டிக் தொட்டியில் வெடிப்பு என்றால், கூலன்டை வடித்து, இடத்தை நன்றாகத் தேய்த்து, துடைத்து, எபாக்ஸி பசை போட்டும் சமாளிக்கலாம். ஈரத்தின் மேல் போட்டால் ஒட்டவே ஒட்டாது. இன்னொன்று, மூடியை முழுதாக இறுக்காமல் ஒரு படி தளர்த்தி வைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறாது, ஒழுகலும் குறையும்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

இரவுப் பயணி சொன்ன முதல் இரண்டும் சரிதான். மூடியைத் தளர்த்துவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அழுத்தம் இல்லாவிட்டால் ஒழுகல் குறையும், உண்மை. ஆனால் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியிலேயே கொதித்துவிடும். 1.1 பார் மூடி இறுக்கமாக இருந்தால் 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மேட்டில் ஏறும்போதோ நெரிசலில் நிற்கும்போதோ நம்மைக் காப்பது அந்த வித்தியாசம்தான். தட்டையான சாலையில், மெதுவாக, பத்து கிலோமீட்டர் போக என்றால் செய்யலாம். இந்தச் சகோதரியின் 22 கிலோமீட்டருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீலக்கார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி வேறொரு பட்டறைக்குப் போய், "அழுத்தச் சோதனை செய்யுங்கள், நானும் கூட நின்று பார்க்கிறேன்" என்றேன். மறுப்பே சொல்லவில்லை. இரவு முழுக்க வண்டியை அங்கேயே விட்டு, காலையில் போனேன்.

மூடியில் 1.1 என்று இருந்தது. அதுவரை அடித்தார்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஹெட் கேஸ்கெட்தானோ என்று. ஒன்பதாவது நிமிடம் இடது தொட்டி விளிம்பில், பொருக்குக்கு நான்கு விரல் மேலே, ஒரு முத்து மாதிரித் துளி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து பொருக்கு இருந்த இடத்துக்கு வந்தது. 15 நிமிடத்தில் முள் 0.9க்கு இறங்கிவிட்டது. ஹோஸ், பம்ப், வடிகால் திருகு எல்லாம் காய்ந்திருந்தன. மூடியைத் தனியாகச் சோதித்தபோது நன்றாகவே பிடித்தது. நீலத் திரவச் சோதனையும் கேட்டேன். பத்து நிமிடம் பார்த்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

ஐயா, இப்போது ஒரே கேள்வி. பற்களைத் திரும்ப மடக்கி இறுக்கினால் போதுமா, முழுதாக மாற்ற வேண்டுமா? மாற்றினால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய ஸ்பேனர் எழுதியது:

நல்லது சகோதரி. கூட நின்று பார்த்தது ரொம்ப நல்லது.

பற்களை இறுக்குவது புது வண்டியில் ஒருவேளை நிற்கும். உங்கள் தொட்டி 11 வருட நைலான். இறுக்கும்போதே விரிசல் விடலாம், இறுக்கிய இடம் நின்று பக்கத்து இடம் ஒழுகலாம். அம்மாவை அழைத்துப் போகும் வண்டி என்பதால் சொல்கிறேன், மாற்றிவிடுங்கள். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் அதே வயதுதான் என்றால் அவற்றையும் கிளாம்பையும் சேர்த்து மாற்றுங்கள். எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கிற ஹோஸ் உள்ளே செத்துவிட்டது.

கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் நின்ற பிறகும் மின்விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும், கை உள்ளே இருந்தால் ஆபத்து. ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்பது ஏசியின் கண்டென்சர். அதன் குழாய்களைப் பிரிக்காமல், ரேடியேட்டரை மட்டும் எடுக்க வேண்டும். உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக் கியர் என்றால், கியர் ஆயில் குழாய்களும் ரேடியேட்டருக்கு வரலாம், அவற்றின் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலன்ட் எதுவென்று வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பது கம்பெனி போடும் சாயம், உள்ளே இருக்கும் வேதியியலைச் சொல்லாது. சேராத இரண்டு வகையைக் கலந்தால் கூழாகிவிடுவதும் உண்டு. செறிவான கூலன்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். ஏற்கெனவே கலந்து விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. மூன்று வாரமாக நீங்கள் எதை ஊற்றினீர்கள் என்று சொல்லவில்லை. தண்ணீராக இருந்தால், பழையதை முழுக்க அலசி எடுக்கச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் காற்று எடுப்பது. புது ரேடியேட்டர் மாட்டி, நிரப்பி, மூடியை மூடி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே எங்கோ ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருக்கும். மறுநாள் வண்டி கொதிக்கும், புது ரேடியேட்டர் சரியில்லை என்று சண்டை வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து, இன்ஜினை ஓடவிட வேண்டும். இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸும் சூடாகும், உள்மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மேலும் ஊற்ற வேண்டும். மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். ஹீட்டரில் விடாமல் சூடு வருகிறதா என்று நீங்களே கை வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை, ஆறியபின், மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். மிச்சக் காற்று வெளியேறியிருக்கும்.

வடித்த பழைய கூலன்டைத் தரையில் கொட்டவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செத்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கூலன்டைத் தனியாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் புதுக் கூலன்ட் கேனையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நீலக்கார் எழுதியது:

ஊற்றியது முழுக்கக் குழாய்த் தண்ணீர்தான் ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன். அலசச் சொல்லியிருக்கிறேன். மாற்றிய பிறகு எழுதுகிறேன்.

நீலக்கார் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

மாற்றிவிட்டோம். ரேடியேட்டர், இரண்டு ஹோஸ், கிளாம்ப்கள். அலசும்போது முதலில் துருநிறத்தில் வந்தது, நான்காவது முறைதான் தெளிந்தது. காற்று எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். கீழ் ஹோஸ் சூடானதும் மட்டம் சட்டென்று இறங்கியதைப் பார்த்தேன், முக்கால் லிட்டருக்கு மேல் திரும்ப ஊற்றினார்கள். மறுநாள் காலை இன்னும் 150 மில்லி எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் ரிசர்வ் டேங்கில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டி வைத்தேன்.

பழைய ரேடியேட்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த விளிம்பில் நகத்தால் கீறினால் கேஸ்கெட் ரப்பர் பொடியாக உதிர்ந்தது.

இன்றோடு 19 நாள், அம்மாவோடு எட்டு முறை போய் வந்தாயிற்று. இன்று காலையும் பானெட்டைத் திறந்து பார்த்தேன், கூலன்ட் டேப்பின் விளிம்பிலேயே நிற்கிறது. திரும்பி வரும் வழியில் அம்மா முன் இருக்கையிலேயே தூங்கிவிட்டார். முள்ளைப் பார்க்காமல் ஓட்டினேன்.

பாட்டிலை இரவுப் பயணி சொன்னபடி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

சந்தோஷம் சகோதரி. அந்த டேப்பை எடுக்காதீர்கள், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.